இரண்டு அங்குலம்

கொண்டலாம்பட்டிப் பட்டறையில்
முன்னால் ஸ்பேசர், பின்னால் கூடுதலாய் ஒரு பட்டை.
பிக்கப் இரண்டு அங்குலம் எழுந்தது,
திட்டு வாங்கிய பிள்ளை
நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி.

நாகலூர் மண்பாதையில்
அடிவயிறு கல்லில் உரசும் சத்தம்
அன்றோடு நின்றது.
என் கணக்கும் அடிவயிற்றோடு நின்றது.
கண்களும் கூடவே எழும் என்று
இன்னாசி மேஸ்திரி சொல்லவில்லை,
பில்லிலும் இல்லை.

பத்து நாள்
லீ பஜாருக்கு மூட்டை ஏற்றி
விடியுமுன் இறங்கும்போதெல்லாம்
சாலையைவிட மரங்களைத்தான் அதிகம் பார்த்தேன்.
சில்வர் ஓக்கின் கழுத்துவரை ஏறிய மிளகுக்கொடி,
அதற்கும் மேலே கலைந்த ஒரு கூடு,
எட்டாவது வளைவில்
எதையோ மென்றபடி திரும்பிப் பார்த்த மரநாய்.
டயருக்கு முன்னே இருந்த குழி மட்டும்
விழுந்த பிறகே தெரிந்தது.

எதிரே வந்தவர்கள் விளக்கைச் சிமிட்டினார்கள்.
மலை வணக்கம் என்று நானும் சிமிட்டினேன்.
முதல் பஸ் டிரைவர் ஒருவர்
தலையை வெளியே நீட்டி
என் அம்மாவைப் பற்றி ஏதோ விசாரித்தார்.

பதினோராம் நாள், பதினோராம் வளைவு.
சேர்வராயன் மொபெட்டோடு ஓடைக்குள் இறங்கினான்.
முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.
பால்தான்,
நாற்பது லிட்டரும்
கல்லிடுக்கு வழியே நிதானமாய்
அடிவாரத்துக்குத் திரும்பிப் போனது.
அதைப் பார்க்க
கவிழ்ந்து கிடந்த அவன் விளக்குதான் உதவியது.
என்னுடையது இன்னும்
மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பால் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
"லைட்ட எறக்குக்கா" என்றான்.

இறக்கலாம். சமதரை வேண்டும்.
ஏற்காட்டில் சமதரை கேட்டால்
ஏரியைத்தான் கை காட்டுவார்கள்.
மூன்றாம் நாள் கிடைத்தது
காப்பிக் கிடங்கின் சிமெண்டுக் களம்.
எதிரே சுவர்: "நோட்டீஸ் ஒட்டாதீர்."

தையல் டேப்பை ஐந்து முறை புரட்டி
இருபத்தைந்து அடி.
விளக்கின் நடுவிலிருந்து தரைக்கு
முப்பத்தெட்டு அங்குலம்.
சுவரில் அதே உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு,
அதற்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொன்று.
பின்னால் ஆறு மூட்டை.
ஓட்டுகிறவர் எடையும் சீட்டில் இருக்க வேண்டும்;
திருப்புளியோ என் கையில்.
அதனால் சேர்வராயன் ஏறி உட்கார்ந்தான்,
ஸ்டியரிங்கைத் தொடாமல்
இரண்டு கையும் மடியில்,
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவன் போல.

இடது விளக்கை அவன் துண்டால் மூடினேன்.
வலது திருகு துரு. தேங்காயெண்ணெய் விட்டு
இரண்டரைச் சுற்று.
துண்டை மாற்றிக் கட்டி
இடதுக்கு மூன்று.
வெளிச்சத்தின் விளிம்பு
நோட்டீஸை விட்டு இறங்கி
மழை ஊறிய கறையில் வந்து படிந்தது.
கோடு சரி. டேப் சரி.

அவனுக்கு அது போதவில்லை.
இறங்கிப் போய்ச் சுவரோரம்
மொபெட்டில் உட்காரும் உயரத்துக்கு
முழங்காலை மடக்கி நின்றான்.
வெளிச்சம் அவன் மார்போடு நின்றது.
மூன்றாவது பித்தான் தெரிந்தது,
பிய்ந்து தொங்கிய நூல் தெரிந்தது.
முகம் இருட்டில்.

"இப்ப?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
பிறகு அந்த இருட்டு சொன்னது:
"இன்னும் கால் சுத்து."

மரநாய் இப்போது என்ன தின்கிறதோ.
குழிகள் எல்லாம் தெரிகின்றன,
அவற்றின் அருகில் தவளைகளும்.
பதினோராம் வளைவில்
இரண்டு கேன் பாலோடு அவன் ஏறி வருகிறான்.
பின்பாரத்தில் மொபெட் மூக்கைத் தூக்க
அவன் விளக்கு நேரே என் கண்ணில்.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.