முப்பத்தாறாம் பல்

வாயில் இருப்பது முப்பத்திரண்டுதான்.
ஆனாலும் டாக்டர் முப்பத்தாறு என்பார்,
இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை.
அது பல் வைத்தியர்களின் கணக்கு.
என் கணக்கு வேறு.
மழை ஓயாத சிலோயே தீவில்,
காஸ்த்ரோ நகரத்து ஆணிக்கடைக்கு மேல்மாடியில்
வரவும் செலவும் எழுதுகிறவள், நோல்ஃபா.

கையுறை, மரப்பு ஊசி, கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டி,
அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்க
புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து படகேறி வருகிறவனின்
மதியச் சாப்பாடு வரை
என் பேனாவைத் தாண்டித்தான் போகும்.
நாற்காலிக்கு மட்டும் வங்கியில் அறுபது தவணை.
சொன்னால் சாயும், சொன்னால் நிமிரும்.
மாதம் ஐந்தாம் தேதி
சொல்லாமலே எங்களைச் சாய்க்கும்.

பழைய படங்களைப் புதுக் கணினிக்கு மாற்றிய ஒரு மாலை
டாக்டர் ஹிமேனா ஒயார்சுன் ஒரு படத்தில் நின்றுவிட்டார்.
"நோல்ஃபா, இந்த நிழல் தெரிகிறதா?"
தெரியவில்லை என்றேன்.
"எனக்கும் தெரிந்திருக்கக் கூடாது."

எனாமலைக்கூடத் தாண்டாத கறை.
ஆறு மாதம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.
நான் பேரேட்டைப் புரட்டினேன்:
மூன்று வருடம் முந்தைய ஜூன், பதினோராம் தவணை,
அதே வாரம் முப்பத்தாறுக்கு ஒரு கிரீடம்,
மூன்று லட்சத்து அறுபதாயிரம் பெசோ.
பெயர் எலிபெர்த்தோ பர்ரீயா.
சால்மன் கூண்டுகளுக்கு அடியில் மூழ்கி
கிழிந்த வலை தைப்பவன்.

பொய் சொன்னாரா? இல்லை.
பார்க்கலாம் என்கிற இடத்தில்
போட்டுவிடலாம் என்றிருக்கிறார்.
சொத்தை என்று எழுதப் போனால்
சொத்துதான் முதலில் வந்து நிற்கிறது.

நான் வாதாடினேன்.
அவன் கேட்கவில்லை, கிரீடம் கல்லுமாதிரி இருக்கிறது,
நோகாத பல்லை நாமே நோகடிப்பானேன்?
ஆவிப்பெட்டிக்கு ரப்பர் வளையம் வேறு வாங்கவேண்டும்.
டாக்டர் உறையை ஒட்டி என் பக்கம் தள்ளினார்.

அவன் வந்தான். கேட்டான். இரண்டு முறை எண்ணினான்.
"பல் திரும்ப வளருமா?"
"வளராது."
"அப்புறம் இது எதற்கு?"
"என்னிடம் இருக்கக் கூடாது என்பதற்கு."
நன்றி இல்லை, வசவும் இல்லை.
கதவைச் சாத்தாமல் போனான்.
சாரல் கால்மிதி வரை வந்தது.

பதினான்கு மாதம் தலைகாட்டவில்லை.
அவன் படகில் காற்றுக்குழாய் பிடிக்கும் இருவரும்
வேறிடம் போனார்கள்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.
நேர்மைக்கு ரசீது கிடையாது என்று
அந்த மாதம் சொல்லியும் காட்டினேன்.
அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.
(மற்றவர்களைச் செய்யாதே என்று சொல்லும் காரியம்.)

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
நனைந்த பூட்ஸோடு மாடிப்படியில் எலிபெர்த்தோ.
கையில் சதுக்கத்து மருத்துவமனையின் மதிப்பீட்டுத் தாள்:
நான்கு கிரீடம். இந்த வாரமே செய்தால் தள்ளுபடி.
"இதைப் படித்துச் சொல்" என்றான் டாக்டரிடம்.

நாற்பது நிமிடம் பார்த்தார்.
ஒவ்வொரு படத்தையும் அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.
ஒன்றை அடைக்கவேண்டும், சின்னது.
மற்ற மூன்றும் காத்திருக்கும்.

"பார்த்ததற்கு இருபத்தைந்தாயிரம்" என்றேன் நான்.
"எதுவுமே செய்யவில்லையே?"
கைகழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:
"பார்த்தேன்.
பார்ப்பதற்குக் கூலி வாங்காவிட்டால்
துளைத்துத்தான் நான் சாப்பிடவேண்டும்."

கொஞ்ச நேரம் நின்றான்.
மழைச்சட்டைக்குள் கைவிட்டு எடுத்த நோட்டுகளில்
ஒன்றை விறகடுப்பின் மேல் காயவைத்தேன்.

நாற்காலி இப்போது எங்களுடையது.
லாபம் எவ்வளவு என்று உங்களிடம் ஏன் சொல்லவேண்டும்,
கூரைத் தகரம் மாற்றினோம், அது போதும்.
பேரேட்டில் 'பார்த்தது' என்று புதிதாக ஒரு பத்தி.
அளவுகோல் வைத்துத்தான் கோடு போட்டேன்,
கொஞ்சம் கோணல்.

அந்த ஒற்றை அடைப்பை
எலிபெர்த்தோ இன்னும் செய்துகொள்ளவில்லை.
யோசிக்கிறானாம்.