இடம் கொடுத்தல்

டிரெஸ்டன். பிப்ரவரி. இரவு ஒன்று நாற்பது.
கடைசி டிராமை விட்டுவிட்டேன்,
தெரிந்தேதான்.
வீட்டு சோபாவில் மகிழ்நன் படுத்திருப்பான்.
இரண்டே நாள் என்று நவம்பரில் வந்தவன்.

கண்ணாடிக் குழாயின் அடியில்
மயில்துத்தம் வெளுத்தது போல
அரைச் சிட்டிகைத் தூள்.
அது முழுக்கக் காலி அறைகள்.
மூலைக்கு மூலை செம்பு, இடையில் கரிம உத்தரங்கள்;
ஒரு கிராமின் சுவர்களைப் பிரித்து விரித்தால்
கால்பந்து மைதானத்தில் பாதிக்கு மேல் மூடும்.

பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு பாகை.
மீத்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன்.
விட்டதும் அழுத்தம் எகிறும்,
தூள் குடிக்கக் குடிக்க இறங்கும்.
பதினேழு தடவை இறங்கியது.
பதினெட்டாவதில்
இறங்கிக்கொண்டிருந்த எண் நின்று, யோசித்து,
ஏறியது.

கசிவு.
வேறென்ன?
ஹென்ரிகேயை எழுப்பினேன்.
"வளையத்தை மாற்று" என்றாள் தூக்கத்திலேயே,
குழந்தை அழ, வைத்துவிட்டாள்.

மாற்றினேன்.
ஹீலியம் விட்டுச் சோதித்தேன், நூலளவும் கசியவில்லை.
புதுத் தூள், மறுநாள் இரவு, முதலிலிருந்து.
பதினேழு வரை சமர்த்து.
பதினெட்டில் மறுபடி துப்பியது.

அப்புறம்தான் எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்தேன்.
அறைகள் பாதியாகியிருந்தன.
உத்தரங்கள் வளைந்து, சுவரோடு சுவர் நெருங்கி,
உள்ளே இருந்த வாயுவில் ஒரு பங்கை
வெளியே தள்ளியிருக்கிறது தூள்.
ஒரு தும்மல் நேரம்.
அதுவரை வெளியே ஒன்றுமே தெரியவில்லை.
நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்,
அது வாங்கிக்கொண்டே இருந்தது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள்.
மடமே சுருங்கிக்கொள்ளும் என்று
யாரும் சொல்லவில்லை.

(பொடியாக அரைத்த தூள் இப்படிச் செய்வதில்லை.
பெரிய படிகங்களுக்குத்தான் இந்தக் குணம்.
ஏன் என்று இன்னும் தெரியாது எனக்கு.)

இன்னும் விட்டேன். பிடிவாதமாக.
முப்பத்தோராவது தடவையில்
மடங்கியதெல்லாம் மெல்ல நிமிர்ந்து
அறைகள் திறந்தன, மொத்தமும்.
இதை மகிழ்நனிடம் சொல்லப் போவதில்லை.

நாலரைக்கு முதல் டிராம்.
லோப்டாவில் இறங்கிப் படியேறினால்
என் போர்வையில் அவன் குறட்டை,
கழுவாத குக்கர்.
பதினாறா, பதினேழா,
எத்தனையில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

கிளம்பும் முன் நோட்டில் எழுதினேன்:
கசிவு இல்லை.
இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்,
இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்தது.