பின்பாதி

மூன்றாம் மாடிக்கு மெர்ரன் அந்த நாயைக்
கூட்டிவந்த ஞாயிற்றுக்கிழமை
எங்கள் கல்கட்டடத்தின் பொதுப் படிக்கட்டில்
ஏழு கதவுகள் ஒரு விரற்கடை திறந்து
சத்தமில்லாமல் மூடின.

அகன்ற மண்டை. பூட்டுப் போட்டது போன்ற தாடை.
வலக்காதில் பாதி இல்லை.
'ஸ்டாஃபி' என்றார் கீழ்வீட்டு டூகல்,
ஆஸ்பத்திரி வராந்தாவில்
நோயின் பெயரைச் சொல்கிற குரலில்.
'அந்தச் சாதியே அப்படித்தான்.
பிடித்தால் விடாது.'

நான் இருபத்தாறு வருஷத் தபால்காரன்.
கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கத்தில்
எந்தக் கதவுக்குப் பின்னால் எது குரைக்கும் என்பது
என் கால்களுக்குத் தெரியும்.
இடது கெண்டையில் ஒன்பது தையல்.
கடித்தது
சோபாத் தலையணை போலிருந்த ஒரு வெள்ளை நாய்,
கழுத்தில் நீல ரிப்பன்.
அதன் சாதியை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

மனுவில் ஐந்தாவது கையெழுத்து என்னுடையது:
எம். கில்க்ரைஸ்ட், இரண்டாம் மாடி, இடப்பக்கம்.
யாரும் வாசிக்கலாம், அவ்வளவு தெளிவு.
தொழில் அப்படி.

நவம்பர்.
காலை ஐந்து மணி, படிக்கட்டில் ஈரக்கல் வாசனை.
என் கதவுக்கு மேலே, திருப்பத்தில்
மெர்ரன், ஒரு கையில் மாவுக்கட்டு.
பனியில் வழுக்கியதாம்.
பக்கத்தில் அவள் மகன் இன்னஸ்,
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு.
நடுவில் அது,
தரையோடு தரையாக,
கொட்டிவிட்ட கூழ் மாதிரி.

'டாட்டிக்குப் படி தெரியாது' என்றான் பையன்.
டாட்டி என்றால் எங்கள் ஊர்ப்பேச்சில் உருளைக்கிழங்கு.
யாரோ ஒருவர் கொட்டகையில்
நாலு வருஷம் கட்டிப்போட்டு வைத்திருந்தாராம்.
மாடிப்படி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே
இங்கே வந்துதான் அதற்குத் தெரிந்தது.
இத்தனை வாரமும் மெர்ரன்தான்
இரு கையாலும் தூக்கி இறக்கியிருக்கிறாள்,
ரொட்டிக்கடைக்குப் போகுமுன் ஒருமுறை,
வந்தபின் ஒருமுறை.
அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான்
நான் கதவில் இன்னொரு தாழ் போட்டது.

'பின்பாதியை மட்டும் பிடியுங்கள், மிஸ்டர் கில்க்ரைஸ்ட்.
பல் என் பக்கம் இருக்கும்.'

பிடித்தேன்.
வேறென்ன செய்ய, ஐந்து மணிக்கு,
ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது.

சூடு. எதிர்பாராத சூடு.
ரோமத்துக்கடியில்
யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல
ஒரு இருதயம்.
முதல் மாடியில்
என் சீருடைக் கையில் மூத்திரம் இறங்கியது.
பயந்தவர்களுக்கு அப்படி ஆகும் என்று தெரியும்.
கடிபட்ட அன்று
எனக்கும் ஆகியிருந்தது.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டூகலின் கதவு ஒரு விரற்கடை.
'கடிக்கலையா?'
கை நிறைய நாய் இருந்ததால்
பதில் சொல்லவில்லை.

மறுநாளும் ஐந்து மணி. அதற்கு மறுநாளும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
தேநீருக்குக் கூப்பிட்டாள்.
அடுக்களை மூலையில் டாட்டியின் தண்ணீர்க் கிண்ணம்.
அதன்கீழே, தரை நனையாமல் இருக்க,
நாலாய் மடித்த ஒரு தாள்.
முகவர் அவளுக்கு அனுப்பியிருந்த மனுவின் நகல்.
மேலே தெரிந்த மடிப்பில்
மூன்று பெயர்கள்; நடுப்பெயர் என்னுடையது,
பாதி ஊறி,
அப்போதும் வாசிக்கிற மாதிரி.

மெர்ரன் சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.
ரெண்டு என்றேன்.
வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.
டாட்டி தண்ணீர் குடித்தது,
எல்லா நாயும் குடிப்பது போல
பாதியைச் சிந்தி.

மார்ச்சில் மாவுக்கட்டு போய் வெகுநாளாயிற்று.
டாட்டி இப்போது தானே இறங்குகிறது,
ஒவ்வொரு படியையும் சந்தேகப்பட்டு.
டூகல் இன்னமும் தாழ் போடுகிறார்.

ஆனால் மூன்றிலிருந்து இரண்டு வரைதான்.
இரண்டாம் மாடி, இடப்பக்கம் வந்ததும்
நின்றுவிடுகிறது.
மெர்ரன் இழுக்கிறாள், கெஞ்சுகிறாள்,
பையன் பிஸ்கட் காட்டுகிறான்.
அது அசைவதில்லை.
நான் கதவைத் திறக்கும்வரை காத்திருந்து
மெதுவாகத் திரும்பி
பின்பாதியை
என் பக்கம் நீட்டுகிறது.