எண்ணூறு மில்லி

பதினெட்டு வருஷம் தண்ணீரில் நின்றவன் நான்.
கேத்தி பாலாடாவில், ராத்திரி இரண்டு மணிக்கு,
சேறும் வேருமாய் வரும் கேரட் மூட்டைகளை
மிஷினில் கொட்டி, ஓடைத் தண்ணீர் பீய்ச்சி
உருட்டி எடுத்தால்
விடிவதற்குள் மேட்டுப்பாளையம் லாரியில்
குளிப்பாட்டிய பிள்ளைகள் மாதிரி ஏறிப் போகும்.

கால் மரத்தது.
குளிர் என்றேன்.
கம்பூட்ஸைக் கவிழ்த்தபோது ரத்தம் வந்தது.
சுண்டுவிரலில் ஏறியிருந்த ஆணியைப்
பவளக்கொடிதான் கண்டுபிடித்தாள்.
அப்போதும் குளிர் என்றேன்.
சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
சட்டையோடு சீட்டும் துவைபட்டுப் போனது.
எழுத்து அழிந்துவிட்டதே என்று
நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது செவ்வாய், வியாழன், சனி.
ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஊட்டி.
எடை மிஷின் மேல் ஏறும்போது
செருப்பைக் கழற்றுகிறேன், மப்ளரைக் கழற்றுகிறேன்,
சட்டைப்பையில் இருக்கும் சில்லறையையும் எடுத்து வைக்கிறேன்.
"மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்கண்ணே.
என்ன குடிச்சீங்க?"
நவாஸ் தம்பியிடம் பொய் செல்லாது.
ஞாயிற்றுக்கிழமை ரசம். இரண்டு டம்ளர்.
சரி, மூன்று.

இடது கையில் இரண்டு ஊசி.
ஒன்று அழுக்கைக் கொண்டுபோக,
ஒன்று கழுவியதைக் கொண்டுவர.
நான்கு மணி நேரம் உருளுகிறது.
முதல் நாள், சேறு எங்கே போகிறதென்று
எட்டி எட்டிப் பார்த்தேன்.
கலங்கலே இல்லாத தண்ணீர்
ஒரு குழாய் வழியாகச் சுவருக்குள் போகிறது.
எங்கள் வேலையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்.
ஓடை பத்தடிக்குச் சிவந்து ஓடும்.

நடுவில் ஒரு சந்தோஷம் வந்தது.
இருபத்திரண்டு யூனிட் போட்டவனுக்கு
எட்டே போதும் என்றாகிவிட்டது.
சர்க்கரை விட்டுப் போகுதென்று
லைன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன்.
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
சிறுநீரகம் வேலை செய்தால்தான் இன்சுலின் கரையும்,
இப்போது அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் என்றார்.
லைன் வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரமே மூன்றாவது மணியில்
கண் இருட்டி, வேர்த்து, நாக்குக் குழறியது.
பக்கத்துக் கட்டில் போஜன் அண்ணன்
ஊசி குத்தாத கையால் பிஸ்கட்டை நீட்டினார்.
"சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரை குடுக்கிறேன் பாரு" என்றார்.
போன மாசம் அந்தக் கட்டில் காலி.
யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.
பத்து நாள் கழித்து ஃபோன் வந்தது.
மகள் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கிறாள்.
"இங்க வெயில்டா. நாக்கு ஒட்டிக்குது.
மலையில இருக்கிற வரைக்கும் நீ ராஜா."

பவளக்கொடி உருளைக்கிழங்கைச் சீவி ஊறவைத்து
அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறாள்.
வேகவைத்து அதையும் கொட்டுகிறாள்.
உப்பில்லாமல் தட்டில் வைக்கிறாள்.
இதுக்கும் டயாலிசிஸ் ஆச்சா என்றேன்.
சிரிக்கவில்லை.
அடுப்புப் பக்கம் திரும்பின பிறகு
தோள் மட்டும் குலுங்கியது.
சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி.
பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறாள்.
மாத்திரைக்கு, டீக்கு, கஞ்சிக்கு, எல்லாத்துக்கும் அதற்குள்.

ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது.
கீழே மிஷின் ஓடுகிறது.
இடது கையைக் காதில் வைத்தால்
ஃபிஸ்டுலாவும் அதே போல ஓடுகிறது.
எது எதென்று சில நேரம் தெரிவதில்லை.

கதவைத் திறந்து வெளியே நின்றேன்.
பனிமூட்டம் மிஷின் வெளிச்சத்தில் மஞ்சளாய் ஏறி வந்து
மீசையில் உட்கார்ந்தது.
நாக்கை நீட்டித் துடைத்துக்கொண்டேன்.
மண் வாசனை. கொஞ்சம் கேரட் தழை.

இதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று
செவ்வாய்க்கிழமை நவாஸிடம் கேட்க வேண்டும்.