குதிகால் இல்லாத காலுறை

கொடியில் பெரியவனின் பள்ளிக்கூடக் காலுறை இரண்டு.
பக்கத்தில் ஒற்றையாய் இன்னொன்று:
வெள்ளை, வாயில் பிளாஸ்டிக் வளையம்,
முழங்கால்வரை நீளம், குதிகால் கிடையாது.
'யாருக்குங்க இது, அடிபட்டவங்களுக்கா?' என்றார்
மூன்றாம் மாடி ஹேமாவதி.
கடலுக்கு என்றேன்.
அவர் சிரித்த சிரிப்பை
வில்லிவாக்கம் தாண்டிய மின்சார ரயில் மூடிவிட்டுப் போனது.

கடல் என்பது கூடத்தில் நான்கடி.
கீழே அலமாரிக் கதவுக்குப் பின்னால்
யாரும் பார்க்காத இரண்டடி.
மேலே வழிகிற தண்ணீர் குழாயில் இறங்கி
காலுறைக்குள் விழுந்து
அழுக்கை விட்டுவிட்டு
மோட்டாரில் ஏறி மறுபடியும் கடலாகும்.
உப்பு மூட்டையில் வருகிறது. தண்ணீர் ஆர்.ஓ.
அலை மட்டும் நிஜம்,
அதுவும் மின்வாரியம் மனது வைத்தால்.

'கட்டாயம் போடணும் மேடம்.
தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும்'
என்று ஆறாகக் கட்டிக் கொடுத்தார் கொளத்தூர் அப்சல்.
'தூக்கிப் போடுக்கா' என்றான் ராயபுரம் ஜெர்வின்.
'நாலு நாள் மறந்தா அது சாக்ஸ் இல்ல, சாக்கடை.'
அவன் தொட்டித் தண்ணீர் நீர்மோர் நிறம்.
அதற்குள் பவளங்கள் விரிந்து நிற்பதைப் பார்த்தால்
வயிறு எரியும்.

நான் மறக்கிற ஆள் இல்லை.
டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருஷம்.
ஒவ்வொருவர் ரத்தமும் நான்கு மணி நேரம்
என் கண்ணெதிரே வெளியே போய்
சலித்து உள்ளே வரும்.
'கெட்டதை எடுக்குது சரி, நல்லதை விட்டுடுமா?'
ஐந்தாம் படுக்கைக்காரர் ஒருமுறை கேட்டார.
கொஞ்சம் போகும் சார், மாத்திரை எழுதித் தருவாங்க.
தலையாட்டிவிட்டு கிரிக்கெட் பார்க்கத் திரும்பினார்.

மாண்டரின் இளைத்துக்கொண்டே வந்தது.
நீலத்தில் ஆரஞ்சுக் கோலம் போட்ட விரல்நீள மீன்.
தீவனம் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.
பாறையில் ஊரும் பூச்சி,
உப்புக்கல்லில் பாதிகூட இல்லாதது,
அதுதான் வேண்டும், நாளெல்லாம், உயிரோடு.
தொட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால்
இந்தப் பக்கமிருந்து படித்துவிடலாம்.
அவ்வளவு தெளிவான தண்ணீரில்
அவ்வளவு தெளிவாய் ஒட்டிய வயிறு.

ஆடி மாதம், ராத்திரி எட்டேகால், கரண்ட் போனது.
அன்றைக்குக் காலுறை மாற்றும் நாள்.
குழாயிலும் தண்ணீர் இல்லை.
நீர் மாற்றியபோது எடுத்துவைத்த பழைய கடல்
குளியலறை வாளியில் இருந்தது.
அதில் போட்டு, உள்பக்கம் வெளியே திருப்பி, அலசினேன்.
போன் வெளிச்சத்தை ஓரத்தில் சாய்த்தபோது
தண்ணீர் துடித்தது.
ரவைக்கு உயிர் வந்த மாதிரி
வெளிச்சத்தை நோக்கிக் குதித்துக் குதித்து
நூறா, ஆயிரமா.

இதைத்தான் மூன்று நாளைக்கு ஒருமுறை
பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைத்திருக்கிறேன்.
பதினான்கு மாதம்.
எத்தனை முறை என்று கணக்குப் போட ஆரம்பித்து
பாதியில் நிறுத்திவிட்டேன்.

வாளியோடு தூக்கித் தொட்டியில் கொட்டினேன்,
அழுக்கும் சேர்ந்தே போகட்டும் என்று.
விளக்கு வந்தபோது கடல் கலங்கிக் கிடந்தது.
டூட்டி முடிந்து வந்த தணிகை
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்,
'என்னாச்சு உன் கண்ணாடிக்கு?'
மீன் கொத்திக்கொண்டிருந்தது.

இப்போது ஞாயிறு மட்டும்,
மணலைக் கிளறிப் பாறையை ஊதும் அன்றைக்கு
நான்கு மணி நேரம் மாட்டுகிறேன். பழக்க தோஷம்.
குழாய் விழும் சத்தம் கூடியிருக்கிறது.
அலமாரிக் கதவில் உப்புப் பூக்கிறது.
கீழ்த்தொட்டி வண்டலில்
நான் காசு கொடுத்து வாங்காத புழுக்கள்
வெள்ளைக் குழலிலிருந்து விசிறி விரிக்கின்றன.
அப்சலுக்கு இது தெரியாது.
ஜெர்வினிடம் சொல்லப்போவதில்லை, ஜெயித்ததாக நினைப்பான்.

மாண்டரின் பருத்திருக்கிறதா என்றால்
சரியாகச் சொல்ல முடியவில்லை.
தண்ணீர் முன்போல் தெளிவாக இல்லை.