விலாசம் தப்பியது

முதலில் கொசுக்கடி என்றுதான் நினைத்தேன்.
இடது பாதத்தின் உட்குழிவில்
ஒரு சிவப்புப் புள்ளி.
மறுநாள் அது புள்ளியில்லை, கோடு.
மூன்றாம் நாள் கோடு திரும்பியிருந்தது,
சாந்தோம் பக்கம் போன வண்டி
எதையோ மறந்துவிட்டு
யூ டர்ன் போட்டதைப் போல.

ராத்திரியில்தான் அரிப்பு.
குப்பமே தூங்கும்போது
என் தோலுக்கடியில் யாரோ நடமாடுவதை
டார்ச் அடித்துப் பார்த்தோம்
நானும் சலோமியும்.
பால்பாயிண்ட் பேனாவால்
கோட்டின் தலைமாட்டில்
அவள் ஒரு நீலப்புள்ளி வைத்தாள்.
விடிந்து பார்த்தால்
நீலத்தைத் தாண்டி
அரை விரற்கடை போயிருந்தது.

மெரினாவில் பலூன் சுடும் கடை எனக்கு.
பத்து குண்டு முப்பது ரூபாய்.
குறி தப்பினால் போனது போனதுதான்.
பலகைக்குப் பின்னால் நிழலில்
குழி தோண்டிப் படுத்திருப்பாள் சோடா.
அவள் எழுந்துபோனால்
அதே குழியில் மதியம்
நான் காலை நீட்டுவேன்.
எட்டு வருடமாய் எங்கள் இருவருக்கும்
ஒரே ஏசி அதுதான்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்
காலைப் பார்த்ததும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.
பிள்ளைகளைக் கூப்பிட்டார்.
ஆறு மாணவர்கள் குனிந்து
செல்போனில் படம் எடுத்தார்கள்.
இதுவரை என் காலில் விழுந்தவர்கள்
அவர்கள் மட்டும்தான்.

"நாய் குடல்ல இருக்கற கொக்கிப்புழுப்பா.
நாய் வெளிக்குப் போன மண்ணுல
முட்டை பொரிஞ்சு காத்துக்கிட்டு இருக்கும்.
செருப்பில்லாத காலு கிடைச்சா உள்ள ஏறிக்கும்.
ஆனா மனுசத்தோலு அதுக்கு அசலூரு.
குடலுக்குப் போற வழி தெரியாது.
சுத்திச் சுத்தியே செத்துப்போவும்."
மாத்திரை எழுதினார். செருப்பும் எழுதினார்.

திரும்பி வரும் வழியெல்லாம்
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
நாயென்று நம்பி என்னிடம் வந்திருக்கிறது.
உள்ளே வந்தபிறகுதான் தெரிகிறது வீடு வேறு.
படிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் சுவர்.
திரும்பிப்போக வாசலும் இல்லை.
பல்லாவரம் என்று ஏறி
பாரிமுனையில் இறக்கிவிடப்பட்டவனைப் போல
விடிய விடிய அலைந்திருக்கிறது,
ஒவ்வொரு ரேகையிடமும் விசாரித்துக்கொண்டு.

சோடா அப்போது நாலு குட்டி போட்டிருந்தாள்.
கால்கள் குச்சி. வயிறு மட்டும் பந்து.
தினம் இருநூறு பலூன் ஊதுகிறவன் நான்.
எது பால் ஊதிய வயிறு,
எது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"கார்ப்பரேஷனுக்கு போனைப் போடு,
வண்டி வந்து அள்ளிக்கினு போவும்"
என்றான் ராட்டினக்கார துரைப்பாண்டி.
போன் கையில்தான் இருந்தது.
அந்தப் பக்கம்
மூன்று வயது ஃப்ளோரா
குட்டிகளோடு மணல்வீடு கட்டிவிட்டு
விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.
சலோமி ஓடிப்போய்
அந்த விரலை வாயிலிருந்து பிடுங்கினாள்.
என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேப்பேரிக்கு ஆட்டோ
நாய்க்கென்று நூறு கூடக் கேட்டது.
சோடா மடியில், குட்டிகள் பலூன் பெட்டியில்.
அங்கே சொன்னார்கள்:
தாயின் சதைக்குள் தூங்கிக் கிடக்கும் புழு
குட்டி பிறந்ததும் விழித்துக்கொண்டு
பாலில் இறங்கிவிடுமாம்.
பாலிலா என்று
இரண்டு தடவை கேட்டேன்.
பாலில்தான் என்றார்கள்
மருந்தை அளந்துகொண்டே.
பதினைந்து நாள் கழித்து மறுபடி.
அதற்குப் பிறகும் மறுபடி.

இப்போது விடியலில்
கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு
கடையைச் சுற்றி மண்ணைத் தேடுகிறேன்.
வாக்கிங் வருகிறவர்கள்
காசு தொலைத்தவன் என்று நினைக்கிறார்கள்.
ஒருத்தர் கூடவே குனிந்து தேடி,
கிடைத்ததைப் பார்த்துவிட்டு
மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.
வெறுங்காலோடு சுட வரும் பிள்ளைகளிடம்
செருப்பு எங்கே என்கிறேன்.
துப்பாக்கியைக் கொடு அண்ணா என்கிறார்கள்.

கோடு அடங்கிவிட்டது.
பழுப்பாய் ஒரு தடம் மட்டும்,
போய்ச் சேராத பாதை.

சோடாவுக்குத்தான் புரியவில்லை.
குழிக்கும் எனக்கும் நடுவில்
நீல ரப்பரில் இது என்னவென்று
முகர்ந்து முகர்ந்து பார்க்கிறாள்.
நேற்று ஒன்றைக் கவ்விக்கொண்டுபோய்
குழியில் போட்டு
மண்ணைத் தள்ளி மூடிவிட்டு
அதன்மேல் படுத்துக்கொண்டாள்.