எச் எங்கே

இலையுதிர் கால விடுமுறை வாரம்.
கெமியார்வி நடுநிலைப் பள்ளி, இசையறை.
இருபத்து நான்கு கணினிகள்,
இருபத்து மூன்று காதொலிப்பான்கள்,
கால் ஆடுகிற ஒரு மேசை, நான்.
நகராட்சி எனக்குத் தருவது மணிக்கணக்குக் கூலி.
இசை தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
"ரொம்ப நல்லது" என்றார் ஹன்னெலே, இசை ஆசிரியை.
"தெரிந்தவர்கள் வந்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள்."

நிறுவு. ஒப்புக்கொள். அடுத்து. அடுத்து.
ஒப்பந்தத்தை உலகில் எவரும் படித்ததில்லை,
நான் இருபத்து நான்கு முறை படிக்கவில்லை.
மாணவர் கணக்கில் நுழைந்தால் கடவுச்சொல் கேட்கிறது,
நிர்வாகி கணக்கில் நுழைந்தால் ஒலி வரமாட்டேன் என்கிறது.
குட்டைப் போர்வை.
தலைக்கு இழுத்தால் காலுக்குக் குளிர்.

புதிய கோப்பு திறந்தேன்.
ஐந்து கோடுகள், முப்பத்திரண்டு கட்டங்கள்,
ஒவ்வொரு கட்டத்திலும்
கோட்டைப் பிடித்துத் தொங்கும் ஒரு கறுப்புச் செங்கல்.
பழுது என்று நினைத்து அழித்துப் பார்த்தேன்,
போகவில்லை.
"அது ஓய்வு" என்றார் ஹன்னெலே, கம்பு ரொட்டி மென்றபடி.
"விட்டுவிடு. ஸ்வரம் வந்தால்
தானே எழுந்து இடம் கொடுக்கும்."
ரொவனியெமி பேருந்தில்
எனக்கு அப்படி யாரும் எழுந்ததில்லை.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பு வந்தது,
காலணிகளை வாசலில் உதறிவிட்டு
கம்பளிக் காலுறையில் சறுக்கிக்கொண்டு.
ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு கை உயர்ந்தது:
"எச் எங்கே?"
முன்வரிசை மின்ட்டு. சளி பிடித்த மூக்கு.
எச்சை அழுத்தினால் உதவிச் சாளரம் திறக்கிறதாம்.
மறுபடி அழுத்தினாள். மறுபடி உதவி.
அடுத்த திரையில் உதவி, அதற்கடுத்ததில் உதவி,
கப்பல் கவிழ்ந்தாற்போல் அறை முழுக்க
உதவி, உதவி.

பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன்,
அன்றுதான் எனக்குச் சொன்னார்கள்:
எங்களுக்கு ஏ-வை அடுத்து வருவது எச்.
பி என்பவன் அரைப்படி கீழே குடியிருக்கும் வேறு ஆள்.
மென்பொருள் செய்தவர்கள் ஊரில்
எச்சுக்கே பி என்றுதான் பெயர்.
மொழியைப் பின்னிஷுக்கு மாற்றினேன்.
சேமி, அச்சிடு, வெளியேறு
எல்லாம் பின்னிஷ் பேசின.
ஸ்வரம் மட்டும் பிடிவாதமாக வெளியூர்க்காரன்.

கடைசியில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
திரைகளின் நெற்றியில் என் கோணல் கையெழுத்து:
எச் வேண்டுமா, பி அழுத்து.
பி வேண்டுமா, பி அழுத்தி
கீழம்பு ஒருமுறை.

பதினேழாம் கணினி வெப்பமூட்டிக்குப் பக்கத்தில்.
பசை இளகித் தாள் விழுந்துவிட்டது.
காதொலிப்பான் இல்லாததும் அதே இடம்.
அங்கே வெய்க்கா, யாரிடமும் எதுவும் கேட்காத பையன்,
காதில் விழாமலே பன்னிரண்டு கட்டம் எழுதியிருந்தான்.
ஹன்னெலே அச்செடுத்துப் பியானோவில் வைத்தார்.
மூன்றாம் கட்டத்தில் அவன் முகம் சுளித்தது.
"அது பி."
"எச் போட்டிருக்கிறாய்."
"பி தானே அழுத்தினேன்."
அப்படியும் வாசித்தார், இப்படியும் வாசித்தார்.
எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.
வகுப்பு மட்டும் இரண்டு கட்சியாகி மேசையைத் தட்டியது.
வெய்க்கா உட்கார்ந்து இரண்டு இடங்களைத் திருத்தினான்,
கீழம்பு, கீழம்பு.
ஒன்பதாம் கட்டத்து எச்சைத் தொடவில்லை.
ஏன் என்று கேட்டதற்குத்
தோளைக் குலுக்கினான்.

பணி அறிக்கையில் எழுதினேன்:
பழுது: எச் காணவில்லை.
தீர்வு: பி.
தேவை: காதொலிப்பான், ஒன்று.

இரண்டு வாரம் கழித்து
நகராட்சிக் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
உள்ளே புத்தம்புதிய விசைப்பலகை,
எச் பொத்தான் பளபளவென்று.
காதொலிப்பான் இன்னும் வரவில்லை.